ஆடாத நாட்களின் கணக்கு

கால்பந்து பார்ப்பவர்களுக்குள் முடிவே வராத வாக்குவாதம் ஒன்று உண்டு. ஆடினால் ஆட்டத்தையே மாற்றிவிடுகிற, ஆனால் அடிக்கடி காயம்பட்டு உட்கார்ந்துவிடுகிற நடுகள வீரர் ஒருவரை அணி வைத்துக்கொள்ள வேண்டுமா, அனுப்பிவிட வேண்டுமா? எல்லா அணிகளிலும் இப்படி ஒருத்தர் எப்போதும் இருக்கிறார். பெயர்தான் மாறும்.

ஸ்ட்ரைக்கராக இருந்தால் இவ்வளவு சண்டை வராது. எத்தனை கோல் என்று எண்ணிவிடலாம். கோல்கீப்பர் இல்லையென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். நடுகளத்தில் ஆடுகிறவரின் வேலை அப்படி எண்ணிக்கையில் சிக்காது. அவர் சரியான இடத்தில் நின்றதால் எதிரணி அனுப்பாமல் விட்ட பாஸ் எந்தப் புள்ளிவிவரத்தில் வரும்? ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பன் இதற்கு அவன் ஊர்த் தேரைத்தான் உதாரணம் சொல்வான். "ஆடிப்பூரத் தேர்ல எல்லாரும் வடத்தைத்தான்டா பாப்பாய்ங்க. சக்கரத்துக்குக் கட்டை குடுக்குறவன ஒருத்தனும் பாக்க மாட்டான். அவன் இல்லைன்னா தேரு எவன் வீட்டுத் திண்ணையில போயி நிக்குமோ!"

அப்படிச் சொல்பவன்தான், காயம்படும் நடுகள வீரரை அனுப்பிவிட வேண்டும் என்று எங்களில் முதலில் கை தூக்குபவனும். அதற்கு அவனுக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் ஏழு பேர். ராஜபாளையத்தில் நாலு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மூணு. இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். ஒரே காலேஜில் இன்ஜினியரிங் படித்தோம். இப்போது ஆளுக்கொரு திசை. இரண்டு பேர் மட்டும் ஊரில் இருக்கிறார்கள், நான் பெங்களூரில் கோட் எழுதுகிறேன். சென்னையின் நேரு ஸ்டேடியம் எங்கள் ஊரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஏழு பேரில் மூன்று பேர்தான் அங்கே உட்கார்ந்து ஒரு ஆட்டமாவது பார்த்திருக்கிறோம். ஆனாலும் 2014-ல் ஐஎஸ்எல் ஆரம்பித்த நாளிலிருந்து சென்னையின் எஃப்சி எங்கள் அணி. பொங்கலுக்கும் ஆடிப்பூரத்துக்கும் ஊருக்கு வந்தால், மெயின் ரோட்டு டீக்கடையில் மலையைப் பார்த்து உட்கார்ந்து இந்த வாக்குவாதத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்குவோம்.

*

எங்கள் சண்டைக்கு முதல் காரணம் தனபால் கணேஷ்.

வடசென்னை வியாசர்பாடியிலிருந்து வந்தவர். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர். பிரேசில்காரர்களும் இத்தாலிக்காரர்களும் நிறைந்த அணியில் நம்ம ஊர் முகமாக ஒருத்தர். 2017-18 சீசன் அவருடைய சீசன் என்றே சொல்வேன். அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், 2018 மார்ச் 13, சென்னையில் எஃப்சி கோவாவுக்கு எதிராக. ஜெஜே முதல் கோலை அடித்த சில நிமிடங்களிலேயே கணேஷ் இரண்டாவதை அடித்தார். 3-0 வெற்றி. நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று கோப்பை. அந்த அரையிறுதி கோலுக்கு நாங்கள் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி ஓடி வந்தார்.

அடுத்த சீசனின் பெரும்பகுதியை முழங்கால் காயம் தின்றுவிட்டது. 2018-19-ல் நடப்புச் சாம்பியனான சென்னையின் 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் எடுத்து கடைசி இடத்தில் முடித்தது. ஒரு மனிதர் இல்லாததால் மட்டும் ஒரு அணி இப்படிச் சரியாது. பின்களம் ஆட்டம் கண்டது, முன்களத்தில் கோல் வறண்டது, எல்லாம் சேர்ந்துதான் விழுந்தது. ஆனாலும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்களில் யாராவது ஒருவர், "கணேஷ் இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் உடனே, "இருந்திருந்தான்னு ஒரு பிளேயர் கிடையாது மாப்ள" என்பார்.

இரண்டாவது பெயர் ரஃபேல் கிரிவெல்லாரோ. பிரேசில்காரர், இடது கால் மந்திரக்காரர். 2019-20 சீசனின் முதல் நான்கு ஆட்டங்களில் சென்னையின் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. ஜான் கிரிகரி போனார், டிசம்பரில் ஓவன் கோயல் வந்தார். அதன் பிறகு நடந்ததை வார்த்தையில் சொல்ல முடியாது. வால்ஸ்கிஸ் கோல் மழை பெய்தார், 15 கோல். அந்த மழைக்கு மேகம் திரட்டியவர் கிரிவெல்லாரோ. கீழே கிடந்த அணி இறுதிப்போட்டி வரைக்கும் போனது. 2020 மார்ச் 14, கோவாவில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றது. கொரோனா வந்துகொண்டிருந்த வாரம் அது.

அடுத்த சீசனில் அவரையே கேப்டனாக்கினார்கள். எல்லா ஆட்டமும் கோவாவில் பயோ-பபிளுக்குள். டிசம்பரில் கணுக்காலில் காயம். சீசன் முடிந்தது, அவருக்கு மட்டுமல்ல எங்களுக்கும். சென்னையின் 20 ஆட்டங்களில் 17 கோல்தான் அடித்தது. 3 வெற்றி, 11 டிரா, 6 தோல்வி, எட்டாவது இடம். அந்தப் பதினோரு டிராவை உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். பந்து நடுகளம் வரைக்கும் ஒழுங்காக வரும். அங்கே வந்ததும் எல்லோரும் ஒரு நொடி யாரையோ தேடுவது மாதிரி நிற்பார்கள்.

*

"விக்கணும்" என்கிற கட்சியின் வாதத்தை முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அது வெறும் கோபம் இல்லை.

ஐஎஸ்எல்லில் வெளிநாட்டு வீரருக்கு என்று எண்ணிக்கை உண்டு. கிரிவெல்லாரோ காயம்பட்ட சீசனில் ஓர் அணியில் அதிகபட்சம் 7 பேர், களத்தில் 5 பேர். அடுத்த சீசனிலிருந்து அது 6 பேராகவும் களத்தில் 4 பேராகவும் குறைந்தது. அதாவது ஒரு வெளிநாட்டு வீரர் படுத்துவிட்டால் சம்பளம் போவது மட்டும் நஷ்டமில்லை, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் போய்விடுகிறது. ஐரோப்பாவில் பெரிய கிளப் என்றால் இன்னொருவரை வாங்கிவிடும். இங்கே அந்த நாற்காலி காலியாகவே இருக்கும்.

அடுத்தது உடம்பு. ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் யான் எக்ஸ்ட்ராண்ட் தலைமையில் 2001-லிருந்து ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளின் காயங்களைப் பதிவு செய்து வருகிறார்கள். ஒரு வீரர் ஒரு சீசனுக்குச் சராசரியாக இரண்டு முறை காயம்படுகிறார். 25 பேர் கொண்ட அணிக்கு ஒரு சீசனில் ஏறக்குறைய 50 காயம் என்று வைத்துக்கொள்ளலாம். காயம் குறைவாக இருக்கும் அணிகள் பட்டியலில் மேலே முடிக்கின்றன என்பதும் அந்த ஆய்வுத் தொடரில் வந்ததுதான். ஒருமுறை காயம்பட்ட தசை மறுபடியும் காயம்பட வாய்ப்பு அதிகம் என்பது விளையாட்டு மருத்துவத்தின் பழைய பாடம். ஆகவே "இந்த சீசன் சரியாயிருவான்" என்பது பாதி நம்பிக்கை, பாதி வேண்டுதல்.

இப்போது "வச்சுக்கணும்" கட்சி. இதில் நான் இருக்கிறேன். எங்கள் வாதத்தை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுவேன். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மையானது.

சீசனுக்கு 20 ஆட்டம். சாதாரணமான ஒருவர் அந்த இடத்தில் ஆடினால் அணிக்கு ஆட்டத்துக்குச் சராசரி 1.4 புள்ளி என்று வைப்போம். நம்ம கண்ணாடிக்கால்காரர் ஆடினால் 2 புள்ளி. ஆனால் அவர் 12 ஆட்டம்தான் ஆடுவார். கூடுதல் 0.6 வீதம், 12 ஆட்டத்துக்கு 7.2 புள்ளி. அவரை விற்றுவிட்டு, கொஞ்சம் நல்லவராக, எல்லா ஆட்டமும் ஆடக்கூடியவராக ஒருவரை எடுக்கிறோம். அவர் ஆடினால் 1.6 புள்ளி. கூடுதல் 0.2 வீதம் 20 ஆட்டத்துக்கு 4 புள்ளி. யார் லாபம்? காயக்காரர் 7 ஆட்டம் ஆடினாலே 4.2 புள்ளி வந்துவிடுகிறது. மூன்றில் ஒரு பங்கு சீசனுக்குக் கொஞ்சம் மேலே. மீதி நாள் அவர் சேரில் உட்கார்ந்து கை தட்டினாலும் போதும்.

இதைக் கேட்டதும் சிங்கப்பூரில் இருக்கும் நண்பன், அவன் டேட்டா வேலை பார்க்கிறவன், சிரிப்பான். "அந்த 2-ஐ எங்கருந்து எடுத்த? அவன் ஆடின மேட்ச்ல ஜெயிச்சதுன்னு கணக்கு போடுற. அவன் எப்ப ஆடுவான்? ஃபிட்டா இருக்கும்போது ஆடுவான். அவன் ஃபிட்டா இருக்கிற மாசம் மத்தவங்களும் ஃபிட்டா இருந்திருப்பாய்ங்க. இருவது மேட்ச் டேட்டாவ வச்சு ஒரு மனுசன் வெலய சொல்றதுக்கு ஜோசியமே பாக்கலாம்."

அவன் சொல்வது சரி. கணக்கில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. அவர் ஆடாத 8 ஆட்டம் எவை என்று முன்கூட்டியே தெரிந்தால் பிரச்சினையே இல்லை. தெரியாது. வியாழக்கிழமை பயிற்சியில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். சனிக்கிழமைக்கான திட்டம் முழுக்க அவரை நடுவில் வைத்துப் போட்டது. அணியைக் கொல்வது அவர் இல்லாத ஆட்டங்கள் இல்லை, அவர் இருப்பாரா என்று கடைசிவரை தெரியாத ஆட்டங்கள்.

என் தொழிலில் இதற்கு பஸ் ஃபேக்டர் என்று ஒரு பெயர் உண்டு. டீமில் எத்தனை பேர்மீது பஸ் ஏறினால் புராஜெக்ட் நின்றுபோகும் என்ற எண். ஒருத்தர்மீது ஏறினாலே நின்றுபோகும் என்றால் எண் 1. அந்த ஒருத்தர் லீவு கேட்டால் மேனேஜருக்குக் காய்ச்சல் வரும். நியாயமாகப் பார்த்தால் குறை அவரிடம் இல்லை, அவர் ஒருவர் தலையில் எல்லாவற்றையும் ஏற்றியவர்களிடம். 2020-21 சென்னையினை இந்தக் கண்ணால் பார்த்தால் கிரிவெல்லாரோவின் கணுக்காலைத் திட்டத் தோன்றாது. அந்தக் கணுக்கால்மீது மொத்த வீட்டையும் கட்டியது யார் என்றுதான் கேட்கத் தோன்றும்.

*

இந்த வாதம் எனக்கு ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டது என்று யோசித்தால், கால்பந்துக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது.

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி என்று ஒரு ஊர். சுற்றுவட்டாரத்தில் சமுசிகாபுரம், சங்கரபாண்டியாபுரம் என்று பல ஊர்களில் விசைத்தறி. அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை. பேண்டேஜ் துணி, காஸ் துணி. ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற வெள்ளைத் துணி. ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு முழங்காலைச் சுற்றுகிற துணி எங்கள் பக்கத்துத் தறியிலிருந்து போயிருக்கலாம்.

அப்பா அந்தத் தறிகளில் ஒன்றில் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் கிடையாது. ஓட்டிய துணிக்குக் கூலி. தறி ஓடினால் காசு, நின்றால் இல்லை. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியது. இரண்டு மாதம் படுக்கை. அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் போவார், ஒரு வாரம் போக மாட்டார். முதலாளி அவருடைய தறிகளுக்கு வேறு ஆள் போட்டார். இளவட்டம், லீவே போடாத பையன்.

ஆனால் அப்பாவை அவர்கள் முழுதாக விடவும் இல்லை. தறிச் சத்தத்தில் ஏதாவது மாறினால் ஆள் அனுப்புவார்கள். அப்பா ஷெட்டுக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். அத்தனை தறிகள் ஒரே நேரத்தில் இரையும் அந்தக் கூடத்தில், எந்தத் தறி, எந்தப் பக்கம் என்று காதாலேயே சொல்லிவிடுவார். பாதி நேரம் மெக்கானிக்கே தேவைப்படாது. அதற்கு டீயும் சில நாள் ஐம்பது ரூபாயும் கிடைக்கும். எந்த நோட்டிலும் அது வேலையாக ஏறவில்லை. நோட்டில் மீட்டர்தான் ஏறும்.

இங்கிலாந்துக் கால்பந்தில் காயம்படும் வீரர்களுக்கென்று ஒரு வகை ஒப்பந்தம் உண்டு. அடிப்படைச் சம்பளம் குறைவு, ஆடினால் ஆட்டத்துக்கு இவ்வளவு. பே-ஆஸ்-யூ-பிளே என்பார்கள். முதலில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இதைத்தானே எங்கள் ஊரில் பீஸ் ரேட் என்கிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாட்டு அணிக்கு ஆடும்போது ஒரு வீரர் காயம்பட்டு 28 நாளுக்கு மேல் ஆட முடியாமல் போனால், கிளப்புக்கு ஃபிஃபா நஷ்டஈடு தருகிறது. 2012-லிருந்து இருக்கும் திட்டம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 20,548 யூரோ, ஒரு காயத்துக்கு மொத்தம் 75 லட்சம் யூரோ வரை. ஆடாத நாளுக்கும் ஒரு விலை போட்டு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். அந்த விலை கிளப்பின் கைக்குப் போகிறது என்பது வேறு விஷயம்.

ஒருமுறை ஊருக்குப் போயிருந்தபோது, நான் ஃபோனில் நண்பர்களோடு கிரிவெல்லாரோவுக்காகக் கத்திக்கொண்டிருந்ததை அப்பா திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் கேட்டார்.

"யாரு தம்பி அது? ரொம்ப நேரமா ஒரே ஆளப் பத்தியே பேசுறீங்க?"

சொன்னேன். பிரேசில்காரர், நன்றாக ஆடுவார், அடிக்கடி காயம் என்று.

"ஆடுனாத்தான் சம்பளமா, ஆடாட்டியும் சம்பளமா?"

"காண்ட்ராக்ட் இருக்குற வரைக்கும் ஆடாட்டியும் சம்பளம்தாம்ப்பா."

"வைத்தியச் செலவு?"

"கிளப் பாத்துக்கிரும்."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்பறம் நீங்க எதுக்கு இந்தக் கத்து கத்துறீங்க? அவரு நல்லாத்தான இருக்காரு."

எனக்கு ஒரு பதிலும் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல், "ஒங்கள அந்த முதலாளி மாத்துனது தப்புன்னு நெனைக்கிறீங்களாப்பா?" என்று கேட்டேன். அத்தனை வருடத்தில் முதல்முறையாக.

"அவரு என்ன செய்வாரு? தறி ஓடணும்ல" என்றார். பிறகு, "சத்தம் கேக்கக் கூப்புடுவாய்ங்கள்ல, அதுக்கு மட்டும் ஒரு கூலி பேசியிருக்கலாம். நானும் கேக்கல, அவரும் சொல்லல."

கோபமே இல்லாமல் சொன்னார். எங்கள் ஏழு பேரும் பல வருடமாகச் சுற்றிவந்த விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். ஆளை மாற்றியதில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. அவரால் மட்டுமே முடிந்த ஒன்றுக்குக் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி இல்லாமல் போனதில்தான் இருந்தது.

*

இனி ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பனின் காரணம்.

காலேஜ் டீமில் அவன் நடுகளம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் எல்லோரும் கிரிக்கெட் மட்டையோடு வளர்ந்தபோது, ஹாஸ்டல் மைதானத்தில் கால்பந்தைக் கண்டுபிடித்தவன். மூன்றாம் வருடம் ஒரு மண்டலப் போட்டியில், பக்கத்தில் ஆளே இல்லாதபோது, திரும்பினான், விழுந்தான். ஏசிஎல். மேலே விழுந்து யாராவது உடைத்தால்தான் கால் போகும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தசைநார் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பு மட்டும் திரும்பும்போது அறுந்துவிடுகிறது.

ஆபரேஷனுக்கு அப்போது வீட்டில் வசதியில்லை. "நடக்கத்தான முடியுது" என்றார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஆடினான், மறுபடியும் விழுந்தான். மூன்றாவது முறையும் ஆடினான். ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் மைதான ஓரத்தில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தினோம். இப்போது குடும்பத்தின் பால்கோவா வியாபாரத்தைப் பார்த்துக்கொள்கிறான். விறகடுப்புக்கு முன்னால் நின்று பால் சுண்டும்வரை கிண்ட வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றுவான். வெளியாட்களுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும்.

2021-ல் ஒரு நாள் டீக்கடையில் நான் அந்த 7.2 புள்ளிக் கணக்கைச் சொல்லி முடித்ததும் அவன் சொன்னான்.

"நீங்க வச்சுக்கங்க வச்சுக்கங்கன்னு சொல்றது அவனுக்கு நல்லதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீங்கடா. நாம கத்துறதக் கேட்டுத்தான் பாதி ஆறுனதோட எறங்குறான். மூணு வாரத்துல வரவேண்டியவன் ரெண்டே வாரத்துல ஊசியப் போட்டுட்டு வர்றான். விட்டுருங்கடா அவன. வேற ஊருக்குப் போயி, எவனும் எதிர்பாக்காத டீம்ல, நிதானமா ஆடட்டும்."

அதுவரை விற்கச் சொல்பவர்களுக்கு இரக்கம் குறைவு, வைத்துக்கொள்ளச் சொல்பவர்களுக்கு இரக்கம் அதிகம் என்று ஒரு பாகுபாடு எங்கள் பேச்சில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது கலைந்தது. "வச்சுக்கணும்" என்பதற்குள் பேராசை இருக்க முடியும். "விக்கணும்" என்பதற்குள் கரிசனம் இருக்க முடியும். எந்தக் கட்சி என்று பார்த்து ஆளை எடை போட முடியாது.

*

கூகிளில் தேடி வாதாடுபவர்கள் என்பதால் எங்களிடம் எப்போதும் இரண்டு ஐரோப்பியப் பெயர்கள் தயாராக இருக்கும். ஒரு கட்சிக்கு அபு டியாபி, மறு கட்சிக்கு இல்காய் குண்டோகன்.

டியாபி ஆர்செனலில் ஒன்பது வருடம் இருந்தார். 2006 மே 1, சண்டர்லாந்தில், ஆட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில் ஒரு முரட்டு டேக்கிள், கணுக்கால் முறிந்தது. அவருக்கு இன்னும் இருபது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு ஒன்று மாற்றி ஒன்று. 2012 செப்டம்பரில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். அடுத்த மார்ச்சில் ஏசிஎல். கடைசி இரண்டு சீசனில் சீசனுக்கு ஒரு ஆட்டம்தான். 2015-ல் கிளப் அவரை விட்டது.

குண்டோகன் 2013-ல் டார்ட்மண்ட் அணியோடு சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி ஆடியவர். அந்த ஆகஸ்டில் முதுகில் காயம், ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஜெர்மனி உலகக்கோப்பை வென்ற 2014-ல் அவர் அணியில் இல்லை. 2016-ல் முழங்கால் சில்லு விலகி யூரோவும் போனது. அந்தக் கோடையில், ஆட முடியாமல் இருந்தவரைத்தான் கார்டியோலா மான்செஸ்டர் சிட்டிக்கு முதல் ஆளாக வாங்கினார். டிசம்பரில் ஏசிஎல். விற்கச் சொல்லும் கட்சி அன்றைக்குக் கொண்டாடியிருக்கும். ஆனால் 2022-ல் லீக்கின் கடைசி நாள், ஆஸ்டன் வில்லாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர். 2023-ல் மூன்று கோப்பை வென்ற சிட்டியின் கேப்டனும் அவரே.

இரண்டு கட்சியும் தங்கள் உதாரணத்தைக் காட்டிவிட்டு ஜெயித்ததாக நினைக்கும். எனக்கு அந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் பிடிக்கும். 2013-ன் இறுதியில் நின்று பார்த்தால் ஒருவருக்கு முழங்கால், இன்னொருவருக்கு முதுகு. இரண்டு பேருமே ஆடுவதைப் பார்த்தால் கண் நிறையும். இரண்டு பேருமே எப்போது வருவார்கள் என்று மருத்துவருக்கே தெரியாது. அன்றைக்கு யார் டியாபி, யார் குண்டோகன் என்று யாரால் சொல்லியிருக்க முடியும்? பத்து வருடம் கழித்து "அப்பவே தெரியும்" என்பது ரசிகனின் பிறப்புரிமை. முடிவெடுக்கும் நாளில் அந்த வசதி கிடையாது.

ஆனால் ஒரு வித்தியாசம் தெளிவாகவே தெரிகிறது. சிட்டி குண்டோகனை நம்பி நிற்கவில்லை. அவர் இல்லாத நாளில் அந்த இடத்தில் ஆட ஆள் இருந்தது. ஆகவே அவருக்கு ஆற நேரம் கிடைத்தது. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் கேட்டதும் அந்த நேரத்தைத்தான். ஒரு வீரரை வைத்துக்கொள்வது என்றால் அவர் இல்லாமலும் தேர் ஓடும்படி செய்துவிட்டு வைத்துக்கொள்வது. அதைச் செய்ய முடியாத கிளப் அவரை மரியாதையாக அனுப்பிவிடலாம். இரண்டும் செய்யாமல், பாதி ஆறிய காலோடு இறக்கிவிட்டு, விழுந்ததும் "கண்ணாடி" என்று பெயர் வைப்பதைத்தான் நாம் பெரும்பாலும் செய்கிறோம்.

*

2023-ல் ஓவன் கோயல் சென்னையினுக்குத் திரும்பி வந்தார். அவரோடு கிரிவெல்லாரோவும், 34 வயதில். எங்கள் குழுவில் அன்றைக்கு இரவு இரண்டு மணி வரை சத்தம். "முடிஞ்சுபோன ஆளுடா" என்று பாதிப் பேர். "ஒரு பாஸ், அதுக்கு மட்டும் காசு குடுக்கலாம்" என்று மீதிப் பேர். அந்த சீசன் சென்னையின் ஆறாவதாக முடித்து, மூன்று சீசன் கழித்து பிளே-ஆஃபுக்குப் போனது. அங்கே கோவாவிடம் 2-1 என்று தோற்றது. இரண்டு கட்சியும் தங்கள் வாதம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டன.

அப்பா இப்போது தறிப் பக்கம் போவதில்லை. காது கொஞ்சம் மந்தம். தறிக்காரர்கள் பலருக்கும் கடைசியில் வருவதுதான்.

வாக்குவாதம் இனி வேறு பெயரோடு தொடரும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு பதினோரு பேர் பட்டியல் வரும். அதில் அந்த ஒருத்தர் பெயர் இருக்கிறதா என்று எங்கள் குழுவில் முதலில் பார்த்து, முதலில் "இருக்கான்டா" என்று போடுபவன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு கையில் துடுப்பும் ஒரு கையில் ஃபோனுமாக.